கைக்கொடியும் கடைக்கொடியும்

அமெரிக்கா சென்று திரும்பிய நண்பர் ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையில் ஒரு கொடியைத் தொங்கவிட்டிருந்தார். வெள்ளைத் துணி, நடுவே நீல நிறத்தில் ‘டபிள்யூ’ என்னும் ஆங்கில எழுத்து. சிகாகோ நகரத்துக் கப்ஸ் என்னும் பேஸ்பால் குழுவின் வெற்றிக்கொடி அது. “எந்த ஆட்டத்தில் பிடித்தீர்கள்?” என்று வினவினேன். “ஆட்டமா? மைதானத்தின் பக்கமே நான் போகவில்லை. விமான நிலையத்துக் கடையில் வாங்கினேன்” என்றார். அவர் விடையில் யாதொரு கூச்சமும் இல்லை. “தோற்ற நாளில் ஏற்றும் கொடியும் ஒன்று உண்டே, அதை வாங்கவில்லையா?” என்றேன். “அப்படியும் ஒரு கொடி உண்டா?” என்று அவர் வியந்தார்.

உண்டு. ரிக்லி மைதானத்தின் வெளிப்புறத்தில் 1937-இல் எழுப்பப்பெற்ற பெரிய எண்பலகையின் உச்சியில், ஆட்டம் முடிந்ததும் வெற்றி எனில் ஓர் எழுத்தும் தோல்வி எனில் வேறோர் எழுத்தும் பொறித்த கொடி ஏற்றப்படும். மேம்பால இரயிலில் வீடு திரும்பும் தொழிலாளியும் எழுத்தரும் சன்னல் வழியே நோக்கி அன்றைய முடிவை அறிந்துகொள்வர். வானொலியைக் கையில் சுமந்து திரியாத காலத்தில் அஃது ஊருக்கு விடுத்த செய்தி. வென்றாலும் தோற்றாலும் உண்மையைச் சொல்லிய கொடி அது. 1908-க்குப் பிறகு 2016-இல்தான் கப்ஸ் குழு உலகத் தொடரை வென்றது. இடைப்பட்ட 108 ஆண்டுகளில் அந்நகரத்து மக்கள் தோல்விக் கொடியை எத்துணை முறை கண்டிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். அக்கொடியையும் கண்டவனுக்கே வெற்றிக்கொடியின் பொருள் விளங்கும். கடைக்காரரோ வெற்றியை மட்டும் தனியே பிரித்து, மடித்து, விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்.

மக்கள் தம் கையால் எழுதிப் பிடிக்கும் பதாகை ஒன்று. குழுவின் உரிமையாளர் அச்சிட்டு விற்கும் கொடி மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று உலகை நம்ப வைத்துவிட்டார்கள். விளையாட்டுத்தானே, இதில் வாதிட என்ன உளது என்று கேட்போரும் உளர். காவிரிப்பூம்பட்டினத்தில் வாதுக்கு அழைத்த சான்றோர் கொடி உயர்த்தியதைப் பட்டினப்பாலை கூறுகிறது; இதனை வகுப்பில் சொல்லாத தமிழாசிரியர் இரார். கொடி கட்டியவனோடு எவரும் எதிர்நின்று வாதிடலாம். அவன் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது வாதமாகாது. நான் ஈண்டு எழுப்பும் வழக்கும் அதுவே.

நியூயார்க் நகரில் மெட்ஸ் என்னும் குழு 1962-இல் தோன்றியது. அந்நகரில் வேரூன்றியிருந்த டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் ஆகிய இரு குழுக்களும் 1957-ஆம் ஆண்டு ஆட்டங்களோடு விடைபெற்றுக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டன. குழுவை இழந்தவர் நெஞ்சில் இருந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது மெட்ஸ். ஆனால் அது முதலாண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்றது. வென்றவை 40 மட்டுமே. இத்தகைய குழுவை ஆதரிக்க எவர் வருவார்? வந்தார்கள். படுக்கை விரிப்புகளில் சாயத்தால் எழுதிய வாசகங்களோடு போலோ கிரவுண்ட்ஸ் என்னும் பழைய மைதானத்துக்குத் திரள் திரளாக வந்தார்கள். குழுவின் தலைவர் ஜார்ஜ் வைஸ். அவர் யாங்கீஸ் என்னும் பெருங்குழுவை வெற்றிமேல் வெற்றி பெறச் செய்தவர், ஒழுங்கில் கண்டிப்பானவர். அவருக்கு இவ்விரிப்புகள் அருவருப்பாகத் தோன்றின. மைதான ஊழியர் பதாகைகளைப் பறித்தனர். மக்கள் மீண்டும் எழுதிக்கொண்டு வந்தனர். செய்தியாளர் மக்கள் பக்கம் நின்று எழுதினர். இறுதியில் நிருவாகம் பணிந்தது. 1963-இல் ‘பதாகை நாள்’ என ஒரு நாளையே வகுத்து, இரட்டை ஆட்டத்தின் இடைவேளையில் மக்கள் தத்தம் பதாகைகளோடு ஆடுகளத்திலேயே ஊர்வலம் வரவும் இசைந்தது. இவ்வழக்கம் 1996 வரை நிலைத்தது. குழுவின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2012-இல் மீண்டும் உயிர்பெற்றது.

இதனை மக்கள் வெற்றி என்றே பலரும் எழுதுவர். நானும் ஓரளவு ஒப்புவேன். ஆயின் ஒரு வினா எஞ்சுகிறது. நாளும் கேட்டுக்கொண்டிருந்த குரலுக்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கிக் கொடுப்பது கொடையா, வேலியா? பரிசு தரும் நடுவர் அமர்ந்த பின்னர், நடுவரை ஏசி எழுதுபவன் யார்?

ஒருவர் எழுதினார். அவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கார்ல் எர்ஹார்ட் என்பது அவர் பெயர். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் குடியேறி, குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர், விளம்பர ஓவியர். ஷே மைதானம் 1964-இல் திறக்கப்பெற்றது முதல் 1981 வரை தலையில் தொப்பியோடு மூன்றாம் தளத்தின் அருகே அமர்ந்திருப்பார். கறுப்பு அட்டைகளில் பெரிய எழுத்துகளில் வாசகங்களை முன்கூட்டியே எழுதிக் கொணர்வார். அவர் எழுதிய அட்டைகள் ஏறத்தாழ 1,200 என்பர். ஆடுகளத்தில் ஒன்று நிகழ்ந்த கணத்திலேயே அதற்குரிய அட்டை மேலெழும். ஹோசே கார்டெனால் என்னும் ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டு வெளியேறியபோது, நாட்டுப்பண்ணின் தொடக்கத்தோடு அவர் பெயரைச் சிலேடையாக்கி ‘ஹோசே, உனக்குத் தெரிகிறதா?’ என்னும் பொருளில் ஓர் அட்டை உயர்ந்தது. நம் காளமேகப் புலவர் கண்டிருந்தால் கைதட்டியிருப்பார். 1969-இல் அதே மெட்ஸ் குழு உலகத் தொடரை வென்ற இறுதிக் கணத்தில் அவர் உயர்த்திய அட்டை, ‘சொற்கள் இல்லை’ என்பது. நான்கே ஆங்கிலச் சொற்கள். நூறு வரியில் வெற்றிப்பா புனைந்திருப்பின் அதனை எவர் நினைவில் வைத்திருப்பார்? கட்டுரை எழுதும் மாணவர்க்குச் சொற்செட்டு இன்னதென விளக்க, இதனினும் நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் பாட்டுக்குப் பாராட்டி எழுதியவரை எல்லாருக்கும் உவப்பானவராகவே இருந்தார். 1970-களின் பிற்பகுதியில் குழு சரிந்தது. டாம் சீவர் என்னும் ஒப்பற்ற பந்தெறிவாளரை 1977 ஜூனில் நிருவாகம் வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டது. அவ்வேளையில் நிருவாகத் தலைவர் டொனால்ட் கிராண்ட். அப்பெயருடைய பழம்பெருந் தளபதியின் கல்லறை மாளிகை நியூயார்க்கில் உள்ளது. எர்ஹார்ட் மைதானத்தையே அதனோடு ஒப்பிட்டு, ‘கிராண்டின் கல்லறைக்கு நல்வரவு’ என்று அட்டை உயர்த்தினார். அதே கை, அதே அட்டை. ஆனால் இப்போது நிருவாகத்தார் முகம் சுளித்தனர். புகழும்வரை கலைஞன், பழித்தால் கலகக்காரன்.

“பதாகை பின்னால் இருப்பவர் பார்வையை மறைக்கிறதே” என்பர் எதிர்வாதிகள். மெய்தான். நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுத்த முதியவர் ஒருவர் ஆட்டத்தைக் காண இயலாமற் போவது அநீதி. மெட்ஸ் மைதானத்திலும் அக்குறை இருந்திருக்கும். அதற்கு அளவு வகுக்கலாம், இடம் வகுக்கலாம்; எவரும் மறுக்கார். ஆனால் விதியின் பெயரால் தடுக்கப்படுவது துணியின் அகலமா, சொல்லின் கூர்மையா என்பதையும் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பர் 13-ஆம் நாள் பாஸ்டன் நகரின் ஃபென்வே மைதானத்தில், இடப்புற உயர்சுவரின்மேல் சிலர் ஒரு பெரிய பதாகையை விரித்தனர். ‘நிறவெறி பேஸ்பாலைப் போன்றே அமெரிக்காவுக்கு உரியது’ என்பது அதன் கருத்து. பாஸ்டன் ரெட் சாக்ஸ், கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்வதில் பெருங்குழுக்கள் அனைத்திற்கும் பிந்தியது. 1959-இல்தான் பம்ப்சி கிரீன் அங்கு ஆடினார். பதாகை அகற்றப்பட்டது, பிடித்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். சுவரில் எதனையும் தொங்கவிடலாகாது என்று விதி உள்ளதாம். இருக்கட்டும். அதே சுவரில் வணிக நிறுவனங்களின் விளம்பரம் தொங்கலாம், காசு கட்டினால். விதி துணிக்கா, காசில்லாத் துணிக்கா?

ஓக்லண்ட் நகரில் நடந்தது இவை அனைத்தினும் நெஞ்சை உறுத்துவது. அத்லெட்டிக்ஸ் குழு 1968 முதல் அங்கே ஆடியது. நான்கு முறை உலகத் தொடரை வென்றது. வலப்புறத் திறந்தவெளி இருக்கைகளில் முரசு அறைவோரும் பெருங்கொடி வீசுவோரும் ஆண்டுதோறும் தம் செலவிலேயே வந்தனர். உரிமையாளர் ஜான் ஃபிஷர். ஆட்டக்காரர்களை விற்று, மைதானத்தைச் சீர்கெட விட்டு, கூட்டம் குறைந்ததும் “ஊரில் ஆதரவில்லை” எனக் கூறிக் குழுவை லாஸ் வேகஸ் நகருக்குக் கொண்டுசெல்ல முனைந்தார். மக்கள் விடை கூறினர். 2023 ஜூன் 13-ஆம் நாள், புறக்கணிப்புக்கு மாறாக, வேண்டுமென்றே மைதானத்தை நிரப்பினர். 27,759 பேர் வந்தனர். பச்சை நிறச் சட்டைகளிலும் பதாகைகளிலும் ஒரே சொல்: ‘விற்றுவிடு’. ஐந்தாம் சுற்றின் தொடக்கத்தில் அத்துணை பேரும் வாய்மூடி நின்று, பின்னர் ஒருமித்து அச்சொல்லை முழங்கினர். ஜான் ஃபிஷரின் பெற்றோர் கேப் என்னும் ஆடைக் கடைகளை நிறுவியவர்கள். துணி விற்றுச் செழித்த குடும்பம், துணியில் எழுதிய ஒரு சொல்லுக்கு விடை சொல்லவில்லை!

அதே நாளில் நெவாடா மாநிலச் செனட் சபை, புதிய மைதானத்துக்குப் பொதுப்பணத்தில் 380 மில்லியன் டாலர் வரை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இரு நாள் கழித்து, பேஸ்பால் ஆணையர் ராப் மேன்ஃப்ரட், ஒரே ஓர் இரவு மட்டும் ஏனைய மைதானங்களின் சராசரிக்கு நிகரான கூட்டம் வந்தது நன்றே என்னும் கருத்துப்பட ஏளனம் செய்தார். நவம்பர் மாதம் 30 உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு இசைந்தனர். “பின் அக்கொடிகளால் விளைந்த பயன் யாது?” என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்வேன். ஊரில் ஆதரவாளர் இல்லை என்று உரிமையாளர் தரப்பு எழுதி வைத்த சாட்சியத்துக்கு எதிர்ச்சாட்சியம் அங்கே துணியில் எழுதப்பட்டது. அவ்வொரு சொல் இல்லையேல், பிற்காலத்தார் படிக்கும் வரலாற்றில் உரிமையாளர் கூற்றே எஞ்சியிருக்கும். கடையில் விற்கும் எந்தக் கொடியும் இதனைச் செய்யாது. உரிமையாளரைப் பழிக்கும் கொடியை உரிமையாளரே அச்சிடுவாரா?

2024 செப்டம்பர் 26-ஆம் நாள் ஓக்லண்டில் இறுதி ஆட்டம். 46,889 பேர் திரண்டனர். குழு வென்றது. மறு ஆண்டு அது மேற்குச் சாக்ரமெண்டோ நகரின் சிறு மைதானம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது; சட்டையில் ஓக்லண்டின் பெயர் இல்லை, வேறு எந்த நகரின் பெயரும் குழுவின் பெயரோடு சேரவில்லை. ‘விற்றுவிடு’ என்னும் துணிகள் மட்டும் ஓக்லண்டு மக்கள் வீடுகளில் மடித்து வைக்கப்பட்டுள்ளன.