கடாரம் வென்ற கப்பலும் ரஜுலா கப்பலும்

தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் தவறாது வந்து சேரும் கப்பல் ஒன்று உண்டு. அது இராசேந்திர சோழனின் கப்பல். 1025-ஆம் ஆண்டையொட்டிய கடாரப் படையெடுப்பைப் பற்றி முழங்காத மாணவர் அரியர். மலாய் மொழியின் 'காப்பால்' நம் 'கப்பல்' தந்த சொல் என்பதும் கூடவே வரும். நன்று. இரண்டையும் நானும் கற்பிக்கிறேன். ஆனால், அம்மேடையில் நிற்கும் பிள்ளையிடம், "உன் கொள்ளுப்பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார்?" என்று வினவிப் பாருங்கள். பிள்ளை விழிக்கும், அழைத்து வந்த பெற்றோரும் விழிப்பர்.

பெரும்பாலும் விடை 'ரஜுலா' என்பதாக இருக்கும். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. 1970-களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்தது. அறைகளில் வந்தோர் சிலர். மற்றவர் அனைவரும் டெக் பயணிகள். பாயை விரித்த இடமே படுக்கை, தகரப்பெட்டியே தலையணை. தொற்றுநோய்க்கு அஞ்சிய அரசு, டெக் பயணிகளை நேரே நகருக்குள் விடாமல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுத்து வைத்த காலமும் உண்டு. 1874 முதல் அங்கே தொற்றுத்தடுப்பு நிலையம் இயங்கியது. இன்று மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து அதே தீவுக்குப் படகேறுகிறோம், கட்டுச்சோற்றுடன், மீன்பிடிக்க!

இதை ஏன் சொல்வதில்லை? ஒரு பெற்றோர் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார்: "கூலி, கங்காணி என்றெல்லாம் சொல்லிப் பிள்ளையை ஏன் தாழ்த்துகிறீர்கள், டீச்சர்?"

தாழ்த்துவது யார்? ரஜுலாவில் தொழிலாளர் மட்டுமா வந்தனர்? வணிகர் வந்தனர், எழுத்தர் வந்தனர், கணவனைத் தேடிக் கைக்குழந்தையுடன் பெண்கள் வந்தனர். தொழிலாளராகவே வந்தால்தான் என்ன குறை? சோழன் படை வென்று திரும்பிவிட்டது. இங்கேயே தங்கிக் குடும்பம் வளர்த்தவர்கள் டெக் பயணிகள். வென்றவனை மட்டும் முன்னோன் என்று கொண்டாடி, பெட்டி சுமந்தவரை மறைப்பது வரலாற்றுக் கல்வி ஆகாது, அது வெட்கம்.

"நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், எங்களுக்கு இது எதற்கு?" என்போரும் உளர். வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் செல்லும் சிராங்கூன் சாலைக் கோயிலைக் கட்டியெழுப்பியவர்கள் கடல்வழி வந்தவர்களே. அது போதாதா?

"தேர்வில் வருமா?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வாய்மொழித் தேர்வில் உரையாடலின்போது நம் பிள்ளைகள் இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடுவது சொல்வளம் இன்மையால் மட்டுமன்று. சொல்வதற்குச் சொந்தமாக ஒரு செய்தி இல்லாமையாலும்தான் என்பது என் துணிபு. 'ஓடம், தோணி, நாவாய், வங்கம்' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அவற்றுள் ஒன்றிலேனும் ஏறிவந்த ஒருவரைத் தெரிய வேண்டாமா?

நிற்க. ஆசிரிய நண்பர்களே, இதற்கு ஒரு பாடவேளை போதும். பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, பெட்டியில் என்ன இருந்தது, கரையில் யார் காத்திருந்தார்கள் என்னும் நான்கு வினாக்களைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வீட்டின் மூத்தவரிடம் அனுப்புங்கள். ரஜுலாப் பயணத்தைத் தெளிவாக நினைவில் வைத்திருப்போர் இன்று எழுபதை ஒட்டியும் கடந்தும் இருப்பவர்கள். அடுத்த விடுமுறைக்கு ஒத்திப்போடாதீர்கள்.