கார்டை மாற்றினால் கம்ப்யூட்டர் மாறிவிடாது

“கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா? நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கி மாட்டு, பறக்கும்.” கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில் கேட்டாலும் இந்தப் பதில்தான், திருவள்ளூர் கடைவீதியில் கேட்டாலும் இந்தப் பதில்தான். கூடவே ஒரு துணை நம்பிக்கையும் உண்டு: அட்டைப்பெட்டியில் எத்தனை ஜி.பி. போட்டிருக்கிறதோ அந்த அளவுக்குக் கார்டு உசத்தி என்பது. இரண்டும் தவறு. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் இந்தத் தவறுகளால் வீணாகிறது என்பதால்தான் இதைக் கண்டித்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்த வழியை நினைத்துப் பாருங்கள். அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். அதற்குப் பிறகு, அலுவலகங்கள் கழித்துக் கட்டிய டெல், எச்.பி. பெட்டிகளை சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கருவி வந்தது. அதைத் திறந்து பார்க்கவும் பராமரிக்கவும் சொல்லித்தர யாரும் வரவில்லை. அந்த வெற்றிடத்தைச் செவிவழிச் செய்தி நிரப்பிக்கொண்டது.

கிராபிக்ஸ் கார்டின் வேலை என்ன? முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட்டுத் திரையில் வரைவது, வீடியோவைப் பிரித்துக் காட்டுவது, வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் போன்ற சில கனமான வேலைகளில் பிராசசருக்குக் கைகொடுப்பது. விண்டோஸ் திறக்க ஐந்து நிமிடம் ஆவதற்கும், குரோமில் நான்கு பக்கம் திறந்ததும் எல்லாம் உறைந்து நிற்பதற்கும், எக்செல் கோப்பு வர மறுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகமிருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் அதைப் பார்த்தால், பெரும்பாலான பழைய பெட்டிகளில் ‘டிஸ்க்’ என்ற பத்தி 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும், அல்லது நான்கு ஜி.பி. ராம் விளிம்புவரை நிறைந்திருக்கும். நோய் அங்கே இருக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும்; சிதறிக்கிடக்கும் சின்னக் கோப்புகள் என்றால் அதிலும் பல மடங்கு குறைந்துவிடும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 500 எம்.பி.யைத் தொடும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எஸ்.எஸ்.டி.க்கும் இன்னொரு ராம் குச்சிக்கும் செலவழித்தால் நீங்கள் எதிர்பார்த்த வேகம் கிடைத்துவிடும். தனிக் கார்டு இல்லாத பெட்டியில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ராமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சியை இரட்டைச் சேனலில் மாட்டினால் படமும் சேர்ந்து வேகம் பிடிக்கும்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரு பக்கம் இரும்பு உருக்காலைகள், ரீரோலிங் மில்கள். இன்னொரு பக்கம் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல். போதாக்குறைக்கு இரவும் பகலும் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதி. சில வருடம் திறக்காத கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், பிராசசர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் இடைவெளி தெரியாத அளவுக்குக் கருஞ்சாம்பல் நிறத்தில் அழுக்கு ஒட்டியிருக்கும். அடியில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். சூடு 100 டிகிரியை நெருங்கியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குத் தேவை ஒரு பிரஷ், ஒரு புளோயர், புதிதாகக் கொஞ்சம் பேஸ்ட். அதே கூண்டுக்குள் கார்டு ஒன்றையும் மாட்டினால் சூடு கூடத்தான் செய்யும்.

இனி ஜி.பி. கணக்கு. மொட்டைமாடியில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் இறங்கும் குழாய் அரை இன்ச் என்றால் தண்ணீர் அந்த அளவுக்குத்தான் வரும். ஜி.பி. என்பது தொட்டி. நினைவகத்தின் வகையும் அகலமும்தான் குழாய். என்விடியாவின் ஜி.டி. 1030 கார்டு 2017-ல் ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்தோடு வந்தது. நொடிக்கு 48 ஜி.பி. கடத்தும். அடுத்த வருடமே அதே பெயரில், அதே 2 ஜி.பி. என்ற எண்ணோடு, டி.டி.ஆர்.4 நினைவகம் வைத்த இன்னொரு கார்டு வந்தது. அது கடத்துவது 16.8 ஜி.பி. மட்டுமே. விளையாட்டுகளில் பாதி வேகம்கூட வராத இடங்கள் உண்டு. பெயரையும் ஜி.பி.யையும் மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. ஜி.டி. 730-லும் இதே கதைதான். 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 கார்டைவிட 2 ஜி.பி. ஜி.டி.டி.ஆர்.5 கார்டு வேகமானது. பெரிய எண்ணைக் காட்டி மெதுவான கார்டைத் தலையில் கட்டுவது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான்.

இன்றும் “யூடியூப் நல்லா ஓடும்” என்று சொல்லி ஜி.டி. 710 விற்கிறார்கள். யூடியூப் பெருமளவில் பயன்படுத்தும் வி.பி.9 வீடியோவை அந்தக் கார்டால் வன்பொருளில் பிரிக்க முடியாது. அந்தச் சுமை மறுபடியும் பழைய பிராசசர் தலையிலேயே விழும். அது சேர்ந்த கெப்ளர் குடும்பத்துக்கான வழக்கமான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கார்டைப் புது விலைக்கு வாங்கி என்ன பயன்?

கார்டு நல்லதாகவே இருக்கட்டும், பெட்டி தாங்குமா? மதர்போர்டு ஸ்லாட் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்குமேல் கேட்கும் கார்டுக்கு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வேண்டும். கேபினட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ். மீது ‘450’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை விடுங்கள், கீழே இருக்கும் சின்னக் கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்றிருந்தால் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 168 வாட்தான். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஆர்.எக்ஸ். 580 கார்டு மட்டுமே 185 வாட் கேட்கும். கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. பலர் வீட்டில் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவதும் சுமார் 360 வாட்தான். கரண்ட் போன நொடியில் அதுவும் கையை விரிக்கும்.

அலுவலகப் பெட்டிகளில் சிக்கல் இன்னும் அதிகம். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3020-இன் சிறிய மாடலில் 255 வாட் எஸ்.எம்.பி.எஸ்., அதுவும் டெல்லுக்கே உரிய பின் அமைப்போடு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேரடியாகப் பொருந்தாது. உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டுமே உள்ளே போகும். வீட்டிலிருப்பது வி.ஜி.ஏ. கேபிள் மட்டுமே உள்ள மானிட்டர் என்றால், இப்போதைய கார்டுகளில் அதைச் செருக இடமே கிடையாது. கன்வர்ட்டர் தனியாக வாங்க வேண்டும்.

“புது மாடலா வாங்கிட்டா சரியாப் போச்சு” என்பதும் எடுபடாது. 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6400, 6500 எக்ஸ்.டி. இரண்டும் மதர்போர்டோடு தகவல் பரிமாற நான்கே லேன்களை, அதாவது தடங்களை, பயன்படுத்துபவை. பி.சி.ஐ.இ. 3.0 உள்ள பழைய போர்டில் அவற்றின் வழி பாதியாகச் சுருங்கும். வீடியோவை என்கோட் செய்யும் பகுதியும் அவற்றில் இல்லை. இன்டெல்லின் ஆர்க் ஏ380 சரியாக ஓட, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி தேவை. அது பழைய போர்டுகளில் பொதுவாக இருப்பதில்லை. செகண்ட் ஹேண்ட் சந்தைக்கும் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து நடந்த மைனிங்கைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக உழைத்துத் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. பழைய ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ.யின் பயாஸை மாற்றி 1050 டி.ஐ. என்று விற்பதும் நடந்திருக்கிறது. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேலை தேடும் பிள்ளைகளின் விஷயம்தான். ஆட்டோகேட் கற்றுக்கொண்டு சிப்காட்டிலோ, ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ வேலைக்குப் போக நினைக்கும் பாலிடெக்னிக் மாணவரிடம், “கார்டு இல்லாம கேட் ஓடாது” என்கிறார்கள். ஆட்டோகேட் பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரில் ஓடும் மென்பொருள். இரு பரிமாண வரைபடம் பழகப் பிராசசரில் உள்ள கிராபிக்ஸே போதும். சாலிட்வொர்க்ஸில் நூற்றுக்கணக்கான பாகங்களைக் கோத்து அசெம்ப்ளி செய்யும்போதுதான் கார்டின் அருமை தெரியும். அந்த நிலைக்கு வரும் முன்பே வீட்டைக் கடனாளியாக்கக் கூடாது.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளெண்டர் பழகுகிறவர், வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகக் கொள்கிறவர், விளையாட்டை ரசித்து ஆடுகிறவர் எல்லோருக்கும் அது நியாயமான தேவை. அவர்கள் முதலில் எஸ்.எஸ்.டி., ராம், சுத்தம் மூன்றையும் முடிக்கட்டும். பிராசசர் நான்கு கோருக்குக் குறையாமல் இருக்கட்டும். 2011-இன் இரண்டு கோர் ஐ3 எந்தக் கார்டையும் பட்டினி போடும். பிறகு எஸ்.எம்.பி.எஸ். கட்டத்தைப் படித்து, ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் ஜி.டி.எக்ஸ். 1650 அல்லது 2024 பிப்ரவரியில் வந்த 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. பக்கம் போகட்டும். 1650-இலும் தனி ஒயர் கேட்கும் மாடல்கள் உண்டு, கவனம். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பெட்டி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பிராசசரை ஏற்காது. எந்தக் கார்டு போட்டாலும் அது மாறாது. பணத்தைச் சேர்த்துவைத்துப் பெட்டியையே மாற்றுவதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. நினைவகத்தின் வகையையும் கார்டின் வாட் அளவையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளரின் எஸ்.எம்.பி.எஸ். என்னவென்று கேட்காமல் கார்டை விற்காதீர்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் ஒரு மதியம் ஒதுக்கி, கேபினட்டைத் திறந்து இந்தக் கணக்கை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். உருக்காலையில் மோட்டார் லோடு பார்க்கத் தெரிந்த அப்பாவுக்கு இது புரியாத கணக்கே அல்ல. யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை. கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும், “என் கம்ப்யூட்டரில் எது குறை, எது தாங்கும்?” என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.