ஏழு மைக்கூடுகள்

ரொறன்ரோவில் இருக்கும் என் மகன், தன் தமக்கையின் மகளுக்கென்று சென்ற மாதம் ஒரு பொதி அனுப்பியிருந்தான். உள்ளே ஐந்து மைக்கூடுகளும் ஒரு மைப்பேனையும் இருந்தன. குமிழ்முனைப் பேனையைத் தவிர வேறொன்றையும் கையிற் பிடித்தறியாத 14 வயதுப் பேர்த்திக்கு அது பெரும் புதுமை. எனக்கோ நெடுநாள் காணாத கூட்டாளியைச் சந்தியிற் கண்டது போலிருந்தது. மட்டக்களப்பு நகரத்துக்குப் போன ஒரு நாள் நானும் என் பங்குக்கு இரண்டு மைக்கூடுகள் வாங்கி வந்தேன். ஆக ஏழு.

"அம்மப்பா, இதிலே எது நல்ல மை?" என்று கேட்டாள்.

"எந்த வேலைக்கு நல்ல மை என்று கேள், மகள்" என்றேன்.

வேலை ஒன்று காத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு குறிப்பேடு உண்டு. என் தகப்பனார் தொடங்கியது. பிறந்தவர் பெயர், நாள், நேரம், நட்சத்திரம், இறந்தவர் திதி, கலியாணம், கிணறு வெட்டிய ஆண்டு, தென்னம்பிள்ளை வைத்த மாதம் யாவும் அதில் இருக்கும். தாய்வழியாகக் குடி எண்ணும் மட்டக்களப்பு வழக்கப்படி இன்னார் இன்ன குடியென்பதும் எழுதப்பட்டிருக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு இப்பகுதியை அடித்த சூறாவளியில் எங்கள் கூரை போயிற்று. விடிந்து பார்த்தபோது ஏடு இருந்த பெட்டி நிறைய மழைநீர். ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தினோம். தகப்பனாரின் எழுத்து எழுதினாற்போலவே இருந்தது. அவர் நீலக்கறுப்பு மையைத் தவிர வேறெதையும் தொடாதவர். நான் அக்காலத்தில் ஆசிரியத் தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞன். ஊதா மையில் எழுதுவதை ஒரு பெருமையென்று நினைத்திருந்தேன். நான் எழுதிய பக்கங்கள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரே கலங்கலாய்க் கிடந்தன.

1975இல் பிறந்த என் மகளின் பிறந்த நேரம் அந்தக் கலங்கலிலே கரைந்து போயிற்று. நாள் எங்கள் எல்லோர்க்கும் தெரியும், நேரந்தான் தெரியாது. என் மனைவி, விடிந்து வெளிச்சம் வந்த பின்பு என்றாள். மாமியார், முதற்சேவல் கூவுமுன் என்று சாதித்தார். நானோ ஏட்டில் எழுதியாயிற்றென்ற நம்பிக்கையில் நினைவில் வைத்துக்கொள்ளாமற் போனேன். பிற்காலத்தில் அவளுக்குக் கலியாணப் பொருத்தம் பார்த்தபோது சாதகம் கணித்தவர் இரண்டு குறிப்புகள் எழுதி இரண்டையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த ஏடு இப்போது தொட்டால் உதிர்கிறது. புதிய ஏட்டில் அதைப் பெயர்த்தெழுதப் பேர்த்தி முன்வந்தாள். ஆதலால் ஏழு மைகளையும் சோதித்துவிட்டே எழுதுவதென்று இருவரும் முடிவு செய்தோம்.

எங்கள் ஊர் தேற்றாத்தீவு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் எழுவான்கரைக் கிராமம். ஊர்ப் பெயரில் நிற்பது தேற்றா மரம். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று பற்றித் திரண்டு அடியிற் படிந்துவிடும். சிறுவயதில் நாங்கள் மைத்தூளைக் கிணற்று நீரிற் கரைத்துத் தொட்டெழுதும் பேனையால் எழுதினோம். மை சில நாளில் அடியிற் கசடு கட்டிவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்தால் மையுந் தெளியுமே என்று ஒருநாள் நானும் இன்னொருவனும் முயன்று பார்த்தோம். மை வெளிறியதுதான் மிச்சம். ஆசிரியர் சிரித்துவிட்டு, "உவர்நீரிற் கரைத்தால் மை திரளத்தான் செய்யும், மழைநீரிற் கரையுங்கள்" என்றார். உப்பு மிகுந்த நீரில் சாயம் கரைந்து நிற்க மாட்டாது என்பதை நான் இரசாயனப் புத்தகத்திற் படித்தது பல ஆண்டுகளுக்குப் பின்பு.

சோதனைக்கு வருவோம். நகரத்தில் வாங்கியவை மாணவர்க்குரிய கழுவக்கூடிய நீலமும், சாதாரணக் கறுப்பும். பொதியில் வந்தவை நீலக்கறுப்பு, கரித்துகள் கலந்த கறுப்பு, ஊதா, மயில்நீலம், இவற்றோடு எழுதி உலர்ந்தபின் செப்புத் தகடுபோல் மினுங்கும் ஒரு கருநீலம். எல்லாவற்றுக்கும் ஒரே பேனை. ஒவ்வொரு முறையும் நீர் தெளிவாக வரும்வரை கழுவிய பின்பே அடுத்த மை. ஒரே சீ.ஆர். கொப்பித் தாள். எழுதிய சொற்களும் ஒன்றே. பேர்த்தி ஆங்கில எழுத்துகளை எழுதத் தொடங்கினாள், நான் தடுத்துவிட்டேன். தமிழெழுத்தின் சுழிகள் சிறியவை. ணகரத்தின் சுழிகளும் ளகர ஐகாரமும் மையால் அடைபடாமல் நிற்கின்றனவா என்பதே நமக்கு வேண்டிய பரீட்சை. ஆகையால் "கண்ணாடி", "வெள்ளை", "தேற்றாத்தீவு" என்று எழுதினாள்.

இப்பரீட்சையில் மினுங்கும் மை முதலிலேயே தோற்றது. நிறத்தைச் செறிவாகக் கரைத்திருப்பதனாலேதான் அது மினுங்குகிறது. மேலே தங்கிய சாயம் பளிங்குபோற் படிந்து ஒளியைத் திருப்புகிறது. பார்வைக்கு அழகுதான். ஆனால் வாவிக்காற்றின் ஈரத்தில் அது உலரவேயில்லை. மறுநாட் காலையிலும் விரலிற் பட்டது. ணகரச் சுழி இரண்டும் அடைந்து இரண்டு பொட்டுகளாயின. மாணவர்க்கான நீலமோ பதினைந்து எண்ணுமுன் உலர்ந்தது. தாளில் வேர்விட்டுப் பரவவுமில்லை. மயில்நீலம் கொஞ்சம் பரவியது. பேர்த்திக்கு அதன்மேல் ஆசை. ஆதலால் தாளைக் குறை சொன்னாள். அதிலும் உண்மை இல்லாமலில்லை. மலிந்த தாளில் எந்த மையும் தன் முழு அழகைக் காட்டாது.

அடுத்தது நீர். ஒருநாள் உலரவிட்டு, ஒவ்வொரு வரியின் மேலும் நீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்தோம். ஊதா, என் பக்கங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்த்துவரும் அதே கலங்கலாயிற்று. நீலம் பெரும்பகுதி போயிற்று. மயில்நீலம் நிழல்போல் நின்றது. சாதாரணக் கறுப்பு ஊதாவும் பழுப்புமாய் ஓடிற்று. நீலக்கறுப்பில் நீலம் மட்டும் சிறிது கசிந்தது. கறுப்புக் கோடு அசையவில்லை. கரிமையோ மழை பெய்ததையே அறியாதது போலிருந்தது.

ஏன் இப்படி? சாதாரண வண்ண மைகள் நீரிற் கரைந்த சாயங்கள். உலர்ந்தபின்பும் அவை சாயங்களே. நீர் வந்தால் மறுபடி கரையும். நீலக்கறுப்பு மையின் பழைய முறை வேறு. மரக்காயிலோ பட்டையிலோ உள்ள துவர்ப்பொருளும் அன்னபேதி என்னும் இரும்புப்பும் சேர்ந்தது அது. நம் நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் கடுக்காயும் அன்னபேதியுங்கொண்டே இத்தகைய மையை வீட்டிற் காய்ச்சலாம். போத்தலில் இருக்கும்போது அதற்கு நிறம் மிகக் குறைவு. எழுதுபவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்றே நீலச்சாயம் சேர்க்கிறார்கள். தாளிற் பட்டதும் காற்றிலுள்ள ஒட்சிசன் அதைப் பற்ற, நாரின் உள்ளேயே நீரிற் கரையாத கருமை உண்டாகிறது. நீலமாய் எழுதிக் கறுப்பாய் நிற்பதனாலேதான் அப்பெயர். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளுக்கென்று இத்தகைய மையைத்தான் வைத்திருந்தார்கள். தகப்பனாருக்கு இந்த இரசாயனம் தெரியுமோ என்னவோ. "பதிவுக்கு இதுதான்" என்பது மட்டும் தெரியும்.

கரிமையின் கதை இன்னும் பழையது. ஏட்டில் எழுத்தாணியாற் கீறிய பின் கரியைத் தடவித் துடைத்தார்களே நம் முன்னோர், அதே கரிதான். கரி வெயிலில் வெளுப்பதில்லை, நீரில் கரைவதுமில்லை. ஆனால் பேனைக்குள் உலர்ந்துவிட்டால் அதுவும் எதிலுங் கரையாது. கிழமைக்கொருமுறை பேனையைக் கழுவும் பொறுமை இல்லாதவர் அதைத் தொடாதிருப்பது நன்று. நீலக்கறுப்புக்கும் கழுவுதல் வேண்டும். அதிலுள்ள அமிலம் உருக்கு நிப்பை மெல்ல அரிக்கும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு விளையாட்டுச் சொல்லுகிறேன். மையொற்றும் தாளை விரலகலத்துக்கு நீளமாக வெட்டுங்கள். கீழ்நுனியிலிருந்து சற்று மேலே சாதாரணக் கறுப்பு மையால் ஒரு பொட்டு வைத்து, பொட்டு நனையாதபடி நுனியை மட்டும் நீரில் தொடவிடுங்கள். நீர் மேலேறும்போது கறுப்பு பிரியத் தொடங்கும். எங்கள் தாளில் நீலமும் செம்மையும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. "கறுப்பு என்று ஒன்றுமே இல்லையா, அம்மப்பா?" என்று பேர்த்தி வியந்தாள். கரிமைப் பொட்டோ வைத்த இடத்தை விட்டு நகரவில்லை. பொருள்களை இவ்வாறு ஓடவிட்டுப் பிரிக்கும் வித்தைக்கு வழிகாட்டியவர் மிகயில் சுவெட் என்னும் உருசியத் தாவரவியலறிஞர். இலைப்பச்சையை அவர் பிரித்தது இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில். சுவெட் என்ற சொல்லுக்கு அவர் மொழியில் நிறம் என்றே பொருள். அவ்வித்தையை வளர்த்த மாட்டின், சிங் இருவரும் 1952இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

வண்ண மைகள் பெருகியதற்குக் காரணம் ஓர் இளைஞனின் தோல்வி. 1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது மாணவன் மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்ய முயன்றான். மருந்து வரவில்லை; குடுவையில் ஊதாச் சாயம் வந்தது. அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழிலே பிறந்தது. என் மகளின் பிறந்த நேரத்தைக் கரைத்த ஊதாவின் பூர்வீகமும் அதுவே. அதன்பின் கம்பனிகள் தோன்றின, பெயர்கள் பெருகின. 1931இல் பார்க்கர் கம்பனியின் குவிங்க் வந்தது. நம் பாடசாலைகளில் அப்பெயரைக் கேளாதவர் அக்காலத்தில் குறைவு. இந்தியாவில் அந்நிய மைக்கு மாறாகச் சுதேசி மை வேண்டுமென்று காந்தியடிகள் விரும்பியதன் பயனாக 1934இல் வங்காளத்தில் சுலேகா என்ற மை எழுந்தது. நல்லெழுத்து என்பது அதன் பொருள். குமிழ்முனைப் பேனை வந்தபின் நலிந்து 1980களின் இறுதியில் மூடப்பட்ட அத்தொழிற்சாலை, 2020இல் மறுபடி மை செய்யத் தொடங்கியது. யப்பானின் பைலட் கம்பனி 2007 முதல் நிலவிரவு, மலைத்திராட்சை என்றெல்லாம் இயற்கையின் பெயரால் மைகளை விற்கிறது. ஒருவர் நம் வாவியின் மாலைநிறத்தையும் போத்தலில் அடைக்கலாம். ஆனால் எந்த மாலை என்பதில் ஊருக்குள்ளே வழக்கு வந்துவிடும்.

வெயிற் பரீட்சைக்கு மூன்று வாரம் எடுத்தது. தாளின் பாதியை மட்டையால் மூடிச் சன்னலிற் கட்டினோம். மூடாத பாதியில் ஊதாவும் மாணவர் நீலமும் மிகவும் வெளுத்தன. மயில்நீலம் நான் நினைத்ததைவிட நன்றாக நின்றது. அவ்வெற்றியை எனக்குப் பலமுறை நினைவூட்டினார்கள். நீலக்கறுப்பில் நீலம் போய்ச் சாம்பற் கறுப்பு நின்றது. சலவைச்சோடாக் கரைசலை மாணவர் நீலத்தில் விட்டதும் கண்முன்னே நிறம் மறைந்தது. பிள்ளைகளின் சட்டைக்கு அது வரப்பிரசாதம். காணி உறுதிக்கு ஆகாது.

மைப்பேனைக்குப் புதியவர்க்கு ஒரு வார்த்தை. நம் வெப்பத்தில் மை குறைந்த பேனையைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்துவிட்டு எழுதாதீர்கள். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், சொட்டு விழும். பேனையை நிறைத்து வையுங்கள், அல்லது முழுதும் வெறுமையாக வையுங்கள். பேர்த்தி இதைக் கேளாமல் ஒரு வெள்ளைச் சீருடையை இழந்தாள். நல்லவேளை, உள்ளிருந்தது மாணவர் நீலம். தாயார் அதைச் சோடாவில் மீட்டெடுத்தார்.

ஏட்டுக்கு நீலக்கறுப்பு என்று தீர்ப்பாயிற்று. கரிமை அதனினும் உறுதியானதே. ஆனால் பேனையை யார் கழுவுவது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. மயில்நீலம் அவளுடைய கடிதங்களுக்கு. ஊதாவை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைச்சாமான் குறிப்பெழுத அது போதும்.

சென்ற சனிக்கிழமை அவள் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தாள். தன் தாயின் பெயரையும் 1975ஆம் ஆண்டையும் நாளையும் எழுதிவிட்டுப் பேனையை நிறுத்தினாள்.

"நேரத்துக்கு என்ன எழுத, அம்மப்பா?"

இரண்டு விரற்கடை இடம் விடச் சொன்னேன். அவ்வாறே விட்டாள். பிறகு அடுத்த வரியில் தன் பெயரை எழுதினாள், முற்பகல் 10.20 என்று நேரத்தையும் எழுதி, அது உலரும்வரை கையை எடுத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.