திரும்பி வந்த ஒற்றர் கதை

‘தி ஃபேமிலி மேன்’ என்னும், நகைச்சுவை கலந்த ஒற்றர் தொடரின் மூன்றாம் பகுதி, நான்காண்டு இடைவெளிக்குப்பின் 2025 நவம்பர் 21 அன்று வெளிவந்தது. கதை இம்முறை வடகிழக்கே சென்றுவிட்டது. முடிவை அந்தரத்தில் நிறுத்திவிட்டனரென விமரிசகர் பலர் குறைகூறினர்; குறை நியாயமே. ஆயினும் நம் இல்லங்களில் பேச்சு இரண்டாம் பகுதியை நோக்கியே திரும்பிற்று.

2021 மே மாதம் அதன் முன்னோட்டம் கிளப்பிய கண்டனத்தை அன்பர்கள் மறந்திரார். ஈழத்தமிழரை இழிவுபடுத்துகிறதெனத் தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் தடை கோரி மத்திய அரசுக்கு எழுதினார். தடை வரவில்லை, ஜூன் 4-இல் தொடர் வெளியாயிற்று. விமரிசகர் பலர் புகழ்ந்தனர்; ராஜியாக நடித்த சமந்தாவுக்குப் பரிசும் கிடைத்தது.

நாமும் முழுதும் பார்த்தோம். சென்னைக் காட்சிகளில் தமிழர் தமிழே பேசுகின்றனர். உமையாளாக வரும் தேவதர்ஷினியின் வாய்த்துடுக்கு நம் அத்தைமாரை நினைவூட்டுகிறது. பழைய இந்திப் படங்களின் ‘ஐயய்யோ’ மதராசிக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் சமந்தாவின் முகத்தில் பூசிய கருமையை நாம் ஏற்பதற்கில்லை. போர் ராஜிக்கு இழைத்த கொடுமை சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அவள் பங்குகொள்ளும் சதியோ மணிக்கணக்கில் நீள்கிறது.

அல்சூரில் அடுத்த வீட்டுக் கன்னட நண்பர், ‘ஈழத்தவர் இப்படித்தானா?’ என்று நம்மை வினவினார். 1983 கலவரத்தில் தொடங்கி, கையிலிருந்த காபி ஆறிப்போகும்வரை விடைசொல்ல வேண்டியதாயிற்று.