துருவை எடுங்கள், இரும்பை எடுக்காதீர்கள்

நம் மேலூர் வட்டாரத்தில் தாத்தா காலத்து மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. பயிர்க் காவலுக்கு இதற்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் பல வருஷம் பரணில் கிடந்தால் குழல் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. சுட்டபின் குழலில் தங்கும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்டவுடன் வெந்நீரால் கழுவ வேண்டும் என்பது அதனால்தான்.

துரு எடுக்குமுன் கெட்டிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விட்டு ஆழம் பாருங்கள். மருந்துத் துளை வரை போகாமல் நின்றால் உள்ளே பழைய மருந்து இருக்கலாம். எத்தனை வருஷமானாலும் அது வெடிக்கும். மேற்கொண்டு கை வைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

காலிக் குழல் என்றால் பலரும் உப்புத்தாளை எடுக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. பளபளப்பு வரும், நல்ல இரும்பும் கூடவே போகும். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் சிவப்புத் துருவை மட்டும் தேய்த்து, துடைத்து, எண்ணெய் பூசினால் போதும். அடியில் இருக்கும் கருப்பு அப்படியே இருக்கட்டும்.

சுத்தமாகிவிட்டதே என்று சுட்டுப் பார்க்காதீர்கள். துரு தின்ற குழல் வெடித்துவிடும்.

எண்ணெய் போடும் அன்றே உரிமப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரில் இருக்கும் உரிமம் பேரனுக்குத் தானாக வராது.