குளிருக்கு மனவுறுதி மருந்தன்று

மார்கழி பிறந்ததும் வட இந்திய மிதிவண்டிக் குழுக்களில் ஒரு பழைய உபதேசம் புத்துயிர் பெறும்: குளிர்காலமே நெடுந்தூரப் பயணத்திற்கு உகந்தது, அதிலும் பின்தங்குபவருக்கு மனவுறுதி போதாது. முற்பாதி அரை உண்மை. பிற்பாதி அறியாமை, அதுவும் ஆபத்தான அறியாமை.

அரை உண்மைக்குச் சான்று உண்டு. 1997இல் காலோவேயும் மாகனும் வெளியிட்ட ஆய்வில், நிலைமிதிவண்டியை ஒரே உழைப்பில் மிதித்தவர்கள் 31 பாகை செல்சியஸில் சராசரியாக 52 நிமிடங்களில் களைத்தனர். 11 பாகையில் 94 நிமிடங்கள் தாங்கினர். உபதேசிகள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் 4 பாகைக்குரிய நேரம் 81 நிமிடம். 21 பாகைக்கும் அதுவே. குளிர் ஓர் எல்லை வரையில்தான் தோழன். அதுவும் எதிர்க்காற்று இல்லாத ஆய்வறைக்குள்.

சாலையின் கணக்கு வேறு. தில்லியில் சனவரி விடியலின் 5 பாகையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் தோல் உணர்வது ஏறத்தாழ உறைநிலைக் குளிரை. 35 பாகைக் காற்றைவிட 5 பாகைக் காற்று சுமார் 11 விழுக்காடு அடர்த்தி மிக்கது. சமதளத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாவதால், அதே உழைப்புக்கு வேகம் ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். பத்து மணி நேரப் பயணத்தில் இருபது நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான இழப்பு. 25 பாகை அறைக்குள் 80 பிஎஸ்ஐ காற்றடித்த டயர், வெளியே குளிர்ந்ததும் ஆறு பிஎஸ்ஐ இழக்கும். தசை குளிர்ந்தால் சுருங்கும் விரைவு குன்றும். தாகம் தோன்றாது, சிறுநீர் மட்டும் பெருகும். இவற்றுள் எது மனவுறுதிக்குக் கட்டுப்படும்?

தமிழ் பேசுவோருக்கு இதில் கூடுதல் இடரும் உண்டு. கண் குளிர, மனம் குளிர என்று குளிரை இன்பத்தின் பெயராக்கிக்கொண்ட வெப்பநாட்டு மொழி இது. தில்லிக்கு ஆய்வு செய்ய வந்த மாணவர் முதற்பனியில் பருத்திச் சட்டையோடு புறப்படுவதில் வியப்பில்லை. வியர்வையில் ஊறிய அந்தச் சட்டை, தேநீர்க்கடையில் நின்ற கணத்திலிருந்து உடல் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும்.

பிரெவே எனப்படும் நேரக்கட்டுப் பயணத்தில் 200 கிலோமீட்டருக்கான எல்லை 13 மணி 30 நிமிடம். மே மாதத்திலும் சனவரியிலும் அதுவே. விதி இருக்கட்டும். எல்லையைத் தவறவிட்டவரை நகைக்கும் வழக்கமே கேடு. நகைப்புக்கு அஞ்சியவர் நிற்கமாட்டார். உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுக்கத்தோடு பேச்சு குழறும், தீர்மானம் தடுமாறும். எந்த மூளையின் உறுதியைப் போற்றுகிறார்களோ, அந்த மூளையே அப்போது ‘இன்னும் போகலாம்’ என்று ஏமாற்றும்.

குளிர்நாளின் கட்டுப்பாட்டுச் சாவடியில் முத்திரை குத்துவதற்கு முன், வந்தவரைச் சட்டைப் பொத்தான் ஒன்றை மாட்டச் சொல்லிப் பார்க்கட்டும். அதற்கே உதவாத விரல்களைப் பிரேக்கின்மேல் வைத்து, மூடுபனிக்குள் லாரிகள் விரையும் நெடுஞ்சாலைக்கு எவரையும் அனுப்பலாகாது.