கடன் தலைவிதியா?

2008-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஐஸ்லாந்து தேசத்தின் மூன்று பெரிய பாங்கிகளும் ஒரு வாரத்திற்குள் முறிந்துவிட்டன. நாணயம் வீழ்ந்தது, விலைவாசி ஏறியது. அந்நாட்டிலோ வீட்டுக் கடனின் அசலே விலைவாசியோடு ஏறும்படி பத்திரம் எழுதுவது வழக்கம். ஆகவே, தவணை தவறாமல் கட்டி வந்தவனுக்கும் கடன் குறைவதற்குப் பதிலாக வளர்ந்தது. சூதாடியவன் பாங்கி முதலாளி, கடனாளியானவன் குடும்பஸ்தன். இதுதான் நாணயமா என்று கேட்கின்றோம்.

“வாங்கியவன் விதி, கட்டத்தான் வேண்டும்” என்பார்கள் சிலர். ஆனால் 2010 ஜூனில், அந்நிய நாணயத்தின் மதிப்போடு பிணைத்துக் கொடுத்த கடன்கள் சட்ட விரோதமென்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. 2014-ல் சர்க்காரார் சுமார் 8,000 கோடி குரோனா வீட்டுக் கடனைத் தள்ளிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். விதியாயிருந்தால் கோர்ட்டும் சர்க்காரும் அதை மாற்ற முடியுமா?

நிற்க, அத்தள்ளுபடியிலும் ஓர் அநியாயம் உண்டு. வரும்படி பார்க்காமல் கொடுத்ததால் வசதியுள்ளவனுக்கும் கிடைத்தது. வாடகை வீட்டு ஏழைக்கோ அதில் காசுகூட இல்லை.

மனிதன் எழுதிய கடனை மனிதனே அடித்துவிடலாம் என்பது ருஜுவாகிவிட்டது. யாருடைய கடனை முதலில் அடிப்பது என்பதே இனி நமது கேள்வி.